மழை ஊரிலிருந்து வந்த மெட்டு

கிறிஸ்துமஸுக்கு எங்கள் கோயிலில் பாடும் பாட்டுகளில் ஒன்றே ஒன்று நான் எழுதியது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில், எங்கள் லான்மடாவ் பேட்டை டீக்கடைகளில் ஓயாமல் ஓடிய ஒரு பர்மியக் காதல் பாட்டின் மெட்டை எடுத்து, அதற்குள் மாட்டுத்தொழுவத்தைக் கொண்டுவந்து கட்டினேன். இங்கே பர்மாவில் கேட்பதில் பாதி காப்பி பாட்டு, வெளிநாட்டு மெட்டில் பர்மியச் சொற்கள். தெரிந்தும் இதை மட்டும் நான் சந்தேகிக்கவில்லை. அவ்வளவு பிடித்திருந்தது.

பதினைந்து வருஷம் கழித்து, இன்டர்நெட் கடையில், நியூ வேவ், போஸ்ட்-பங்க் என்று பழைய இங்கிலீஷ் ராக் பாட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போனேன். மூன்று நிமிடப் பாட்டு இறங்க முக்கால் மணி நேரம். இறங்கியது. என் பாட்டு! இங்கிலீஷில்! நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

பாட்டுக்குக் கீழே அது பிறந்த கதையும் போட்டிருந்தது. மழை விடாத ஏதோ ஓர் ஊரில் ஆலையை மூடிவிட்டார்கள். வேலை போனவர்களுக்கான உதவித்தொகைக்கு வரிசையில் நின்ற பெண் ஒருத்தி, ஓரடி நகர்ந்து, நின்று, நகர்ந்து, அந்த நடையிலேயே கட்டிய மெட்டாம். அதனால்தான் சரணத்தில் தாளம் இரண்டு முறை அறுந்து நிற்கிறது! எண்ணெய்க்கும் அரிசிக்கும் நின்ற எங்கள் கால்களுக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது.

யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன். சொன்னால் பாட்டு போய்விடும். பாடகர் குழுவை நடத்துகிறவர் மச்சான், என் மனைவியின் அண்ணன்; டீக்கடைப் பக்கமே போகாததால் மெட்டு எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. சினிமா மெட்டு என்று தெரிந்ததும் போன வருஷம் ஒரு பாட்டை நோட்டிலிருந்தே கிழித்தவர். இருந்தும் மறுநாள் மதியம் அவரை அதே கடைக்கு இழுத்துப் போய், மெட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டேன்.

"சாராயக்கடைப் பாட்டையா மாப்பிள்ளை நம்ம பிள்ளைங்க வாயில வெச்சீங்க?"

"கேட்டுட்டுக் கிழிங்க மச்சான்."

ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடினார். ஒரு தடவை. பிறகு, என்னைக் கேட்காமலே, இன்னொரு தடவை. நான் வரிசைக் கதையைச் சொன்னேன். வாசலைப் பார்த்தபடி கேட்டார். அவர் விரல் மேசையில் நடந்து நின்றது, நடந்து நின்றது.

"அந்தப் பொண்ணுக்கு வேலை கிடைச்சுதா?"

"அதை அதுல போடல மச்சான்."

பிறகு கோபமாகச் சொன்னார்.

"இத்தனை வருஷமா இதை நாம சாவு வீட்டு வேகத்துல பாடிட்டிருக்கோம்யா! ஞாயித்துக்கிழமை கிட்டாரோட சீக்கிரம் வாங்க."