சுவரில் தொங்கவேண்டிய தாள்

இத்தாலியில், இந்தப் பலேர்மோவில் மத்தியானமானால் கடைக்காரர் கதவைப் பாதிக்கு இழுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவினம். எங்கள் ஊரில் நல்ல வியாபார நேரம் அது. இத்தனை வருடமாகியும் எனக்கு இது பழகவில்லை. வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் என் மகள் வசந்தி பலசரக்குக் கடை வைத்திருக்கிறாள். அவளும் வேலைக்கு நிற்கிற பிள்ளையும் சாப்பிடப் போகிற நேரம் நான்தான் காவல். அப்படி ஒரு நாள் பாதிக் கதவுக்குக் கீழால் குனிந்து ஒரு மனிசன் வந்தான். கழுத்தில் அட்டை, கையில் சுருட்டின தாள்கள்.

"சிஞ்ஞோரா, சிக்குரெச்சா", அம்மா, பாதுகாப்பு என்று வெறும் சுவரைக் காட்டினான். ஆள் வைத்து வேலை வாங்குகிற கடையில் பாதுகாப்பு அறிவித்தல் தொங்கவேணுமாம். இல்லாவிட்டால் தண்டம், கடையையும் பூட்டுவினமாம். வசந்தியின் பெர்மெசோ இந்தக் கடையை நம்பித்தான் இருக்கிறது. கடை போனால் இந்த நாட்டில் இருக்கிற அனுமதியும் போய்விடும்.

யாழ்ப்பாணத்தில் ஆமி நின்ற காலம், வீட்டிலுள்ள எல்லாருடைய பெயரும் படமும் சுவரில் தொங்கவேணும். சோதிக்க வருகிற சிப்பாய் முதலில் அதைத்தான் பார்ப்பான். அது சரியாக இருந்தால்தான் பிள்ளைகள் அன்றைக்கு வீட்டில் படுக்கும். சுவரில் தாள் இல்லை என்று ஒருவன் சொன்னால் ஏன் என்று கேட்க எனக்கு வாய் வராது. "சி, சி", ஓம், ஓம் என்று கதிரையை இழுத்துப் போட்டு, சோடாவும் உடைத்துக் கொடுத்தேன். பிள்ளையார் படத்தை இறக்கி அந்த ஆணியையும் கொடுத்தேன். அதில் ஒரு தாளைத் தொங்கவிட்டு, மேசை லாச்சியில் கிடந்த காசையும் வாங்கிக்கொண்டு போனான்.

வசந்தி வந்தாள்.

"பிள்ளையார் எங்கை?"

"அரிசி மூட்டைக்கு மேலை இருக்கிறார்."

"ஆர் இறக்கினது?"

"கவுண்மேந்து."

அவள் தாளைப் பார்த்தாள், கணக்கு எழுதுகிற சிஞ்ஞோராவுக்குப் போன் எடுத்தாள். "அம்மா, உந்தத் தாளைச் சும்மா தருவினமாம். வாசல்லை வந்து காசு கேக்கிறவன் கள்ளனாம்."

"அட்டை போட்டிருந்தவனெல்லே, பிள்ளை."

"உங்களுக்கும் ஒண்டு அடிச்சுத் தாறன், போட்டுக்கொண்டு திரியுங்கோ."

பிறகொரு நாள் அவன் திரும்ப வந்தான். தாள் மாறிவிட்டதாம், புதிசு வாங்கவேணுமாம். வசந்தி சொல்லித் தந்தபடி "கிராத்திஸ்" என்றேன், இது சும்மா தருகிற சாமான் என்று. போனையும் கையில் எடுத்தேன். அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனான். போன பிறகுதான் பயம் கூடியது. உண்மையான ஒபீசரைத் திருப்பி அனுப்பிவிட்டேனோ என்று பொழுதுபடும்வரை ஒழுங்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை.

இஞ்சை கடை வைத்திருக்கிற பிள்ளைகள் இதை வாசித்தால், தாளோடு வருகிறவனுக்கு உடனே காசைக் கொடுக்காதேங்கோ. விசாரித்துப்போட்டுச் சொல்லுகிறோம் என்று அனுப்புங்கோ. உங்களுக்குச் சொல்லுவது சுலபம். கழுத்தில் அட்டையோடு ஆரும் வந்தால் என்னில் ஒரு பாதி இப்பவும் எழும்பி நிற்கும். மற்றப் பாதி இரு, இரு என்று அதன் சீலையைப் பிடித்து இழுக்கும்.