மெர்சி மைக்கைக் கொடுக்கவில்லை

இன்று எங்கள் கல்லூரியில் மாணவர் பேரவைப் பதவியேற்பு விழா. பேரவை மாணவர்களுக்குத் தலைமைப் பயிற்சி கொடுக்கும் ஆசிரியை நான்தான்.

புதிய செயலாளர் மெர்சி, வல்லம் வடகால் கிராமத்துப் பெண். நன்றியுரை சொல்லி முடித்தவள் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மேடையில் இருந்த தாளாளரைப் பார்த்துப் பேசினாள்.

"சார், லேப் முடியறதுக்குள்ள காலேஜ் பஸ் கிளம்பிடுது. பொண்ணுங்க நாங்க தண்டலம் ஹைவேல வேற பஸ்ஸுக்காக நின்னுகினு இருக்கோம். நேத்து ஒரு பைக் எங்க பின்னாடியே வந்துச்சு."

தாளாளர் திரும்பிப் பார்க்க, போக்குவரத்துப் பொறுப்பாளர் எழுந்தார்.

"அதே பஸ்ஸு அப்புறம் ஒரகடம் கம்பெனி ஷிஃப்ட் ஆளுங்கள ஏத்தப் போவணும் சார். லேட் பண்ண முடியாது."

"அப்ப நாங்க லேபைப் பாதில வுட்டுட்டு வரணுமா சார்?"

அவள் குரல் நடுங்கவில்லை.

தாளாளர் கேட்டார்: "இப்படிப் பேச யாரும்மா சொல்லிக் குடுத்தது?"

மெர்சி என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் இல்ல சார். நானாதான் பேசறேன்."

அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, "நான்தான் சார்" என்றேன்.

அவர் பொறுப்பாளரிடம், "நாளையிலேர்ந்து லேப் முடிஞ்சப்புறம்தான் பஸ்ஸ எடுக்கணும்" என்றார். என்னிடம், "மேடம், விழா முடிஞ்சதும் என் ரூமுக்கு வாங்க."

அந்த அறை வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உள்ளே போய் எப்படிப் பேசுவது என்று எனக்கு யாராவது சீக்கிரம் பயிற்சி கொடுங்கள்.