கிராணி வீட்டில் கூலி அரிசி

1912இல் கடல் கடந்த ஜார்ஜ் டவுன் துறைமுகத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தாவாக, இருந்த ஹென்றிக்குக் கால்கள் வீங்கின. மாதாகோயில் படியேறினாலே மூச்சு வாங்கியது. பெரிபெரி நோய் இருதயத்தைத் தொட்டுவிட்டது, தீட்டிய வெள்ளையரிசியை நிறுத்துங்கள் என்றார் டாக்டர். அன்றே ஹென்றியின் மனைவி ஜூலியானா புழுங்கல் அரிசியும் பச்சைப்பயறும் வாங்கி வந்து உலையேற்றினாள்.

தோட்டத்துக் கூலிகள் தின்னும் அரிசி கிராணி வீட்டில் வேகிறதென்று தெருவே சிரித்தது. ஹென்றியும் வெட்கப்பட்டுச் சன்னலைச் சாத்திவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். ஜூலியானா போய்ப் படாரென்று திறந்தாள். "திருடியா திங்கிறோம்?"

கால் வீக்கம் வடிந்தது. கிறிஸ்துமசன்று ஹென்றி எங்கும் நிற்காமல் கோயில் படியேறினார். அன்று விருந்துக்கு வந்த அவர் தங்கை அன்னமேரி, தட்டைப் பார்த்ததும் முகம் சுளித்தாள்.

"என்னா அண்ணி, நல்ல நாளும் அதுவுமா கூலிச் சோறு? நம்ம மானம் போவுது."

ஜூலியானா இன்னொரு கரண்டி அள்ளி அவள் தட்டிலேயே போட்டாள்.

"வெள்ளைச் சோறுதான் வேணும்னா உங்கண்ணன் அடக்கத்துக்கு வா, ஆக்கிப் போடுறேன். ஆனா அதுவரைக்கும் நீ பட்டினிதான் கெடக்கணும். அவரு இப்போதைக்குச் சாவமாட்டாரு."