போர்வைக்குக் கழித்த எடை

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது நான்கு; கொழுந்தனார் விட்டுப்போன இரண்டையும் சேர்த்து ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. ஆனாலும் பேரிகைச் சந்தையில் எடையில் என்னை யாரும் ஏமாற்றியதில்லை.

வீட்டுக்காரருக்கு இருதயம் பலவீனம். ஓசூர் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது தினமும் காலையில் எடை பார்க்கச் சொன்னார்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறதாம், உடனே வர வேண்டுமாம். தக்காளிப் பெட்டி நிறுக்கிற தராசில் ஏற்றினேன். ஐம்பத்தெட்டு.

வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வரும். ஒரு நர்ஸ் எடை கேட்பார்; இன்னொருவர் மாத்திரையை மட்டும் கேட்டு வைத்துவிடுவார்.

கார்த்திகைக் குளிரில் அவர் போர்வையோடு ஏறினார். ஐம்பத்தொன்பது காட்டியது. பெட்டிக்கும் ஈரத்துக்கும் கழித்தே பழகிய கை, போர்வைக்கு ஒன்று கழித்தது. மறுநாள் அறுபது, ஸ்வெட்டருக்கும் கழித்தேன். அதற்கும் மறுநாள் அறுபத்தொன்று, அதே உடுப்புக்கு மூன்று கழித்தேன். நோட்டில் எல்லா நாளும் ஐம்பத்தெட்டு. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அவர் உட்கார்ந்தே இருந்தார். குளிர்தான் என்று நினைத்தேன்.

அன்று போனில் பேசியது புது நர்ஸ். நோட்டில் இருந்ததைப் படித்தேன்.

"தெனமும் அதே அம்பத்தெட்டாம்மா? கொஞ்சங்கூட மாறலியா?"

"எங்க கணக்கு மாறாதுங்க சிஸ்டர்."

"கணக்கு வேணாம்மா. மிஷின் என்ன காட்டுச்சு?"

"அறுபத்தொண்ணு. போர்வைக்கு, ஸ்வெட்டருக்கு மூணு கழிச்சேன்."

"போர்வையோட நின்ன மொத நாள் எவ்வளவு கழிச்சீங்க?"

அன்று ஒன்றுதான் கழித்தேன்; ஒரு ஸ்வெட்டர் இரண்டு கிலோ இருக்காது. அவர் காலை அழுத்தினேன். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. தக்காளி ஏற்ற வந்த டெம்போவிலேயே கூட்டிக்கொண்டு ஓடினோம்.

ஊசி போட்டு நீரை இறக்க நான்கு நாள் ஆனது. மூச்சு சீரானதும் வீட்டுக்காரர் நர்ஸிடம் சொன்னார்: "மண்டிக்காரன் தக்காளி எடையிலதான் அடிப்பான். இவ என் உசுருல அடிச்சா." நர்ஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு ஆஸ்பத்திரியில் ஒரே தாள் போட்டார்கள். எந்த நர்ஸ் கூப்பிட்டாலும் அதே கேள்விகள்தான்: தராசு காட்டியது எவ்வளவு, என்ன உடுத்தியிருந்தார், கால் வீக்கம் உண்டா, படுத்தால் மூச்சு வாங்குகிறதா. மற்ற நோயாளிகளின் வீட்டாருக்குக் காட்ட, நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னார்கள். இதுதான் அது.

ஆனாலும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. களி கிண்டும்போதே எழுந்துபோய் அவர் காலைப் பார்க்கிறேன். இதை எழுதும்போதே நாலு தடவை எழுந்தேன்.

பேத்தியைக் கூப்பிட்டேன். "கண்ணு, தாத்தாவுக்கு மூச்சு சீரா வருதான்னு பாத்துட்டு வா. வந்து இத சத்தமா படி, நான் எழுதுனது சரியான்னு கேக்கறேன்."