இரண்டு சாக்குப் புண்ணாக்கு

மில்லில் சேரச் சொன்னால் மீன் வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்விட்டான் என்று அண்ணன் மேல் அப்பாவுக்குத் தீராத ஆத்திரம். "மீன் குஞ்சுக்கு நீந்தப் படிச்சுக் குடுக்கப் போறாரு தொரை" என்று ராஜபாளையம் மில் வாசலில் நின்றே கேலி பேசுவார். பஞ்சுத் தூசியில் ஆயுளைக் கழித்தவர். மூக்கு செத்துப்போய், மல்லிகைக்கும் மண்ணெண்ணெய்க்கும் வித்தியாசம் தெரியாது. அந்தத் தூசிக்குள் மகனையும் இழுக்கப் பார்த்தாரே என்று எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

எண்பதுகளின் கடைசியில், கான்சாபுரத்தில் அம்மா வழி வந்த தோப்பிலிருந்த பள்ளத்தை ஆழப்படுத்தி அண்ணன் சின்னதாக ஒரு குளம் ஆக்கினான். குஞ்சு விடுவதற்கு முன்னால், அவற்றைத் தின்றுவிடும் விரால், கெளுத்தியை ஒழிக்க இலுப்பைப் புண்ணாக்கைக் கரைத்துவிட்டான். அது மீனுக்கு விஷம். அந்த வீரியம் போன பிறகுதான் கட்லா, ரோகு விட்டான். அவற்றுக்குத் தீனி கடலைப் புண்ணாக்கு. இரண்டையும் தூளாக இடித்து, பம்புசெட் அறையில் பக்கத்துப் பக்கத்துச் சாக்கில் வைத்திருந்தான். மோந்து பார்த்தால்தான் எது எதென்று தெரியும். கொல்வதற்கும் வளர்ப்பதற்கும் ஒரே பேரை வைத்தவன் நாசமாய்ப் போக.

மீன் முழங்கை நீளம் வந்துவிட்டது. வியாபாரியைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பிய அண்ணன், வேறு ஆளில்லாமல் அப்பாவிடம் சொன்னான்.

"மீனுக்குக் கொஞ்சம் புண்ணாக்கு போட்டுருங்கப்பா."

மகன் கேட்டதே பெரிது அவருக்கு. என்னைச் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனார். கைக்கு எட்டிய சாக்கைத் தூக்கி, "வளர்ற பிள்ளைக, நல்லாத் திங்கட்டும்" என்று குளத்தில் கவிழ்த்தார். சாயங்காலத்துக்குள் மீனெல்லாம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

அண்ணன் வந்து கரையில் நின்று பார்த்தான். "நெனச்சதச் சாதிச்சிட்டீகளேப்பா" என்றான். "அவிய ஆசையாத்தாண்ணே போட்டாக" என்று நான் கத்தினேன். அவன் காதில் ஏறவில்லை.

அண்ணன் ஆந்திரா பக்கம் மீன் பண்ணை வேலைக்குப் போனான். படித்த படிப்பு கைவிடவில்லை, பண்ணையையே பார்த்துக்கொள்கிற அளவுக்கு உயர்ந்தான். பொங்கலுக்கு வந்தால் எல்லோரிடமும் சிரித்துப் பேசுவான். அப்பா மட்டும் தொண்டையைச் செருமிக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

அப்பா செத்துப்போன அன்று அண்ணன் வந்து சேர்ந்தான். வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். அரிசியை அள்ளியவன் போடாமல் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மூக்கில் பஞ்சு வைத்திருந்தார்கள்.

"தெரியாமத்தானப்பா போட்டீக" என்றான்.