துணைக் கவர்

எங்கள் வீட்டு முன்னால் கான்கிரீட் கலவை மிஷின் ஒன்று தார்ப்பாய் போர்த்தி நின்றுகொண்டிருந்தது. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கு யாராவது வழி கேட்டால் அந்த மிஷினை அடையாளம் சொல்லித்தான் அனுப்புவார்கள். என் வீட்டுக்காரர் சின்ன ஒப்பந்தக்காரர். சிறுபாலம், சாக்கடை வாறுகால், சத்துணவுக் கூடம் என்று அரசாங்க வேலைகளை எடுத்துச் செய்தவர். அவர் தவறிப்போன பிறகு மிஷின் ஓடவில்லை. சக்கரத்தில் காற்று இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வராது, எரிச்சல்தான் வரும்.

கொழுந்தனார் அதை விலைக்குக் கேட்டார். அவர் வாசுதேவநல்லூரில் வீடு கட்டிக் கொடுக்கும் வேலை பார்ப்பவர். கெட்ட மனுஷர் இல்லை. சும்மா நிற்கிற மிஷின் துருதான் பிடிக்கும் என்று அவர் சொன்னதில் தப்பும் இல்லை. ஆனால் அதற்குள் நான் அலையாய் அலைந்து என் பெயரிலேயே ஒப்பந்தக்காரர் பதிவு வாங்கி வைத்திருந்தேன். கணக்குப் போடுவது எனக்குப் புதிதில்லை. வீட்டுக்காரர் அளந்துவிட்டு வந்து சொல்லுவார், கம்பி எவ்வளவு, சிமெண்டு எவ்வளவு என்று போட்டு முடிப்பது நான்தான். ஒரே ஒரு வேலை எடுத்துப் பார்க்கிறேன் என்று கொழுந்தனாரிடம் சொன்னேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "சரி மதினி. நம்ம கோயில் ஆடித்தபசு வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள வேலை கெடைக்கலன்னா மறுநாளே டிராக்டர கொண்டாந்து இழுத்துட்டுப் போயிருவேன். அப்புறம் வருத்தப்படக் கூடாது" என்றார். நானும் தலையாட்டினேன். வேறு என்ன செய்ய?

பெரிய வேலைகளெல்லாம் ஆன்லைனுக்குப் போய்விட்டன. சில்லறை வேலைகளுக்குத்தான் இன்னும் டெண்டர் பெட்டி, விலையை எழுதிக் கவரில் வைத்து அதில் போட வேண்டும். அப்படி ஒரு டெண்டர் வந்தது, திருவேங்கடம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். நான் இன்னும் தொழில் செய்ய வேண்டியவள். பஸ் ஏறிப் போய் இடத்தைப் பார்த்தேன். சரியான கரிசல். மழை பெய்தால் ஊதும், வெயிலடித்தால் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். பழைய சுவர் அதில்தான் வாயைப் பிளந்து விழுந்து கிடந்தது. அஸ்திவாரத்தை நன்றாக ஆழப்படுத்தி, அதற்கு உண்டான செலவையெல்லாம் போட்டு, நியாயமான லாபத்தையும் வைத்து ஒரு விலை எழுதினேன்.

இதில் ஒரு சங்கதி உண்டு. எங்கள் பக்கத்துச் சின்ன ஒப்பந்தக்காரர்களுக்குள் ஒரு முறை இருக்கிறது. டெண்டருக்கு முந்தின நாள் டீக்கடையில் கூடுவார்கள். இந்த வேலை யாருக்கு என்று அங்கேயே பேசி முடித்துவிடுவார்கள். யாருடைய முறையோ அவர் ஒரு விலை எழுதுவார். மற்றவர்கள் அதைவிடக் கூட எழுதி ஆளுக்கொரு கவர் போடுவார்கள். இதற்குத் துணைக் கவர் என்று பெயர். பேரைப் பாருங்கள், என்னமோ கல்யாணப் பெண்ணுக்குத் துணைப் பெண் போகிற மாதிரி! என் வீட்டுக்காரரும் அந்த வரிசையில் நின்றவர்தான். அதனால் பேசிவைக்காமல் கவர் கொண்டு வருகிறவரை என்ன செய்வார்கள் என்றும் எனக்குத் தெரியும். அடிக்க மாட்டார்கள். பெட்டியைச் சுற்றி நின்றுகொண்டு, தோளில் கை போட்டு, சாயா குடிப்போம் வாங்க என்று வெளியே கூட்டிப்போய், பெட்டி பூட்டுகிற மூன்று மணி வரைக்கும் பேசிக்கொண்டே இருப்பார்கள்.

அன்றைக்குக் கவரை அரக்கு வைத்து ஒட்டி, பைக்குள் வைத்து, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனேன். பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். வராந்தாவில் பெட்டிக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லாரும் என் கல்யாணம் முடிந்த நாளிலிருந்து தெரிந்த முகங்கள். யாராவது வாயைத் திறந்தால் என்ன சொல்லுவது என்று பஸ்ஸிலேயே ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. அவர்களில் மூத்த அண்ணாச்சி தன் நாற்காலியை எனக்குப் போட்டார். இன்னொருவர் ஒதுங்கி வழிவிட்டார். இன்னொருவர் பிள்ளைகள் படிப்பை விசாரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கவரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, அண்ணாச்சி வாங்கித் தந்த டீயையும் குடித்தேன்.

பெட்டியைத் திறந்து கவர்களைப் பிரித்து வாசித்தபோதுதான் விஷயம் புரிந்தது. அதிகாரி என் பெயரையும் நான் எழுதிய விலையையும் வாசித்தார். இருந்ததிலேயே குறைவு அதுதான். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் அண்ணாச்சியிடம் மெதுவாகக் கேட்டார்.

"என்ன வே, அது ஒம்ம துணைக் கவர் இல்லியா?"

"நீரு ஏற்பாடு பண்ணின கவருன்னுல்லா நான் நெனச்சேன்" என்றார் அண்ணாச்சி.

அடப் பாவிகளா! கையில் கவரோடு ஒரு பொம்பளை வந்து நின்றால் அது யாரோ ஒரு ஆம்பிளையுடைய கவராகத்தான் இருக்கும் என்று அத்தனை பேரும் நினைத்திருக்கிறார்கள். அதற்குத்தான் அந்த நாற்காலி, அந்த டீ. சிரிப்பு வந்தது. அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. போதாக்குறைக்கு அதிகாரி வேறு தலையை நிமிர்த்தி, ஒப்பந்தக்காரர் வரவில்லையா என்று என்னிடமே கேட்டார். நான்தான் என்றேன். வேலையை யார் நின்று பார்ப்பார்கள் என்றார். அதுவும் நான்தான் என்றேன். அவர் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். குறை எதுவும் இல்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அண்ணாச்சி எனக்காக நின்றார். அந்த வேலை அவர் முறை. முகம் வாடியிருந்தது, ஆனால் சத்தம் போடவில்லை. "நம்ம வீட்டுப் பிள்ள நீ. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டுக் குடுத்திருப்பேம்லா" என்றார்.

"அதுக்குத்தான் அண்ணாச்சி சொல்லல" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, நடந்தது நடந்துபோச்சு, அடுத்த வேலைக்கு எனக்கு ஒரு துணைக் கவர் போட்டுக் கொடு, உன்னையும் முறையில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார். அவர் அதை மரியாதையாகத்தான் சொன்னார். என்னைத் தொழில்காரியாக மதித்து முதலில் பேசியவரும் அவர்தான். அதனால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

"கவர் போடுதேன் அண்ணாச்சி. ஆனா உள்ள என் விலைதான் இருக்கும்" என்றேன். நான் பஸ்ஸுக்கு நடந்தேன்.

கொழுந்தனாரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் நம்பவில்லை. குறைவாகப் போட்டதாலேயே கொடுத்துவிட மாட்டார்கள், ஆயிரம் காரணம் சொல்லித் திரும்ப டெண்டர் விடுவார்கள், வேலை உத்தரவு கைக்கு வரட்டும் என்றார். ஆடி பிறந்தது. உத்தரவு வரவில்லை. கோவிலில் கொடி ஏறியது. அப்போதும் வரவில்லை. வீட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் மிஷினைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன். தபசுக்கு முந்தின நாள், ஊரெல்லாம் வெளியூர் ஜனம் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், அலுவலகத்திலிருந்து போன் வந்தது. போய் உத்தரவை வாங்கி வந்தேன். கொழுந்தனாருக்குச் சொல்லவில்லை. வரட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். எனக்கும் கொஞ்சம் கொழுப்பு உண்டு.

தபசு முடிந்த மறுநாள் காலையில், சொன்ன சொல் தவறாமல், டிராக்டரோடு வந்து இறங்கினார். கூடவே இரண்டு ஆட்கள். தார்ப்பாயை எடுத்தார்கள், சக்கரத்துக்குக் காற்று அடித்தார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். மிஷினை டிராக்டரோடு பூட்டி முடித்ததும் உத்தரவை அவர் கையில் கொடுத்தேன். வாசித்தார். மடக்கினார். திரும்பப் பிரித்து, என் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்து வாசித்தார்.

பூட்டியதைக் கழற்றிவிடலாமா என்று டிரைவர் கேட்டான். கொழுந்தனார் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எங்கன கொண்டு விடணும் மதினி?"

திருவேங்கடம் ரோடு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.