மாமனார் காதுக்கு எட்டாத கார்

முதலில் ஒரு வெடிச்சத்தம். பிறகு தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குவதுபோல ஓர் இரைச்சல். அதற்குப் பிறகுதான் பெட்ரோல் வாடை வரும்...

யுத்தத்துக்கு முந்திய மதுரையில் என் காரைப் பார்த்தவர்கள் குறைவு. கேட்டவர்கள் அதிகம். நான் வைகைப் பாலம் ஏறும்போதே கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நிற்பவரைப் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, "வக்கீல் வந்துகொண்டிருக்கிறார்" என்பாராம் நீதிபதி. வந்துகொண்டிருக்கிறார் என்பதுதான் சரியான சொல். வந்து சேர்வது வேறு விஷயம்.

தொழில் தொடங்கிய புதிதில், சீமைக்குத் திரும்பவிருந்த ஒரு வெள்ளைக்காரத் தோட்ட மானேஜரிடம் வாங்கிய வண்டி அது. விற்கும்போது அவர் என் கையை வெகுநேரம் குலுக்கினார். காரணம் பிறகு புரிந்தது.

என் மனைவி தனம் பிரசவத்துக்குக் கீழக்குயில்குடியில் தன் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். பையன் பிறந்தான். ஞாயிறுதோறும் கோரிப்பாளையத்திலிருந்து பார்க்கப் போவேன். ஞாயிறுதோறும் ஊருக்கு வெளியே எங்கேயாவது வண்டி நின்றுவிடும். வண்டி வரும் சத்தம் பக்கத்துச் சமணர் மலையில் மோதி ஊர் முழுக்கக் கேட்கும். சத்தம் நின்றால், மாமனாரின் பண்ணையாள் சோணை யாரும் சொல்லாமலே இரண்டு மாடுகளை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். மாடு இழுக்க, நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, கோட்டு சூட்டோடு மாமனார் வீட்டுக்குள் நுழைவேன்.

ஆனி மாதம். தனத்தையும் குழந்தையையும் அழைத்துப் போகிறேன் என்றேன்.

"மாட்டு வண்டி கட்டித் தாரேன், கூட்டிட்டுப் போங்க மாப்ள" என்றார் மாமனார்.

"கார் இருக்கே, மாமா."

"அதுலயா? அப்ப ஒண்ணு செய்யுங்க. ஒரு தடவையாச்சும் மாடு பூட்டாம என் வாசல்ல வந்து நில்லுங்க. அன்னைக்கே அனுப்புறேன். ஆடி பொறந்துட்டா அனுப்ப மாட்டேன், ஆமா."

கதவுக்குப் பின்னாலிருந்து தனம் மெதுவாகச் சொன்னாள்: "ஒங்க வீம்புக்கு நான் எம்புட்டு நாளு இங்கயே கிடக்குறது?"

அன்றே தீர்மானித்தேன். காரில்தான் அழைத்துப் போவது.

கோரிப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் பாய் இருந்தார். வண்டியைப் பார்த்தார்.

"வக்கீல் சாப், சத்தம் குறையணுமா, வண்டி ஓடணுமா?"

"ரெண்டும் வேணும், பாய்."

"ஆசைதான்" என்றபடி வேலையைத் தொடங்கினார். ஏதோ ஒரு லாரியின் சைலன்ஸரைக்கூடத் தேடிப் பிடித்து மாட்டினார்.

ஆனி கடைசி ஞாயிறு. வண்டி சைக்கிளைப்போல ஓடியது. ஆரப்பாளையத்தில் ஒருவரும் வழிவிடவில்லை. கார் வருவது யாருக்கும் தெரியவில்லை. எருமைகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்மாய்க் கரையைத் தாண்டி, ஊருக்குள் நுழைந்து, மாமனார் வாசலில் போய் நின்றேன்.

அதே நேரத்தில் வயலிலிருந்து மாடுகளை ஓட்டிக்கொண்டு சோணை வந்து சேர்ந்தார்.

மாமனார் வெளியே வந்தார். காரைப் பார்த்தார். மாட்டைப் பார்த்தார்.

"இன்னைக்கும் மாடுதானா, மாப்ள?"

"இல்லை மாமா, தானா ஓடி வந்துச்சு."

"ஆமாங்கய்யா, நான் இப்பத்தேன் வயக்காட்டுல இருந்து வாரேன்" என்றார் சோணை.

"நீ சும்மா இருடா. ஒனக்கு வெத்தலை வாங்கிக் குடுத்திருப்பாரு. எனக்குக் காது இல்லையா? சத்தமே கேக்கல. எஞ்சின் ஓடலைன்னாத்தான் சத்தம் வராது!"

கோர்ட்டில் நான் தோற்றதுண்டு. இத்தனை சுத்தமாகத் தோற்றதில்லை.

கோட்டைக் கழற்றித் திண்ணையில் போட்டேன். ஸ்பானரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். சைலன்ஸர் கொதித்தது. விரலெல்லாம் கொப்புளம்... கழற்றி எறிந்தேன். ஹேண்டில் போட்டுச் சுற்றினேன். கிளம்பவில்லை. மறுபடி சுற்றினேன். தனம் குழந்தையோடு வாசற்படியில் நின்றாள். மறுபடி.

வெடித்தது!

கண்மாய் வரை போய்த் திரும்பினேன். ஒவ்வொரு வெடியையும் மலை இரண்டாம் முறை சொல்லிக்காட்டியது. ஒரு கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மாமனார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"இதுதேன் நம்ம மாப்ள வண்டி! ஏ தனம், பொட்டியக் கட்டு!"

எதற்கும் இருக்கட்டும் என்று சோணையை மாட்டு வண்டியோடு பின்னால் அனுப்பினார். அந்த இரைச்சலிலும் பையன் அசந்து தூங்கினான். ஆரப்பாளையத்தில் எஞ்சின் நின்றதும் விழித்துக்கொண்டு வீரிட்டு அழுதான். மாடு இழுக்கக் கோரிப்பாளையம் போய்ச் சேர்ந்தோம். அதில் குற்றமில்லை. மாமனாரின் நிபந்தனை அவர் வாசலுக்கு வருவதற்குத்தான். வீடு திரும்புவதைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது.

இப்போது அந்தப் பையன் கார் வைத்திருக்கிறான். சாவியைத் திருகினால் கிளம்புகிறது. நிறுத்தினால்தான் நிற்கிறது. சத்தமே இல்லை. அவன் வருகிற நாளில் தனம் காலையிலிருந்தே அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடக்கிறாள். போன வாரம் அவனிடமே கேட்டுவிட்டாள்:

"ஏண்டா, ஒங்கப்பா மாதிரி கொஞ்சம் சத்தம் போட்டுக்கிட்டு வந்தா என்ன? நான் சோத்தை வடிச்சு வெப்பேன்ல?"

அவன் சிரித்தான். ஸ்பானரை எங்கே வைத்தேன் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.